லெஃபெவ்ர்: ஒரு கொல்லனின் பெயரும் ஒலிக்காத ஓர் எழுத்தும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு வரலாற்றையோ தத்துவத்தையோ தமிழில் படிப்பவர்கள் லெஃபெவ்ர் என்ற குடும்பப் பெயரைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள். அதைச் சிலர் லெபெப்வர் என்றும், சிலர் லெஃபேப்ரே என்றும், வேறு சிலர் லெபெவ்ரே என்றும் எழுதுகிறார்கள். பிரெஞ்சிலிருந்து பெயர்களைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்விகள் இந்தப் பெயரைப் பற்றியவை. அவற்றுக்கான விடைகளை ஓரிடத்தில் தொகுத்துத் தருகிறேன்.

லெஃபெவ்ர் என்பதன் பொருள் என்ன?

கொல்லன் என்பதே அதன் பொருள். பெயரின் தொடக்கத்திலுள்ள 'லெ' என்பது ஆண்பாலுக்குரிய சுட்டுச் சொல். 'ஃபெவ்ர்' என்பது பழைய பிரெஞ்சில் கொல்லனைக் குறித்த சொல். ஊரில் பலர் நடுவே 'அந்தக் கொல்லன்' என்று ஒருவரைச் சுட்டிச் சொன்ன வழக்கே இரண்டும் ஒட்டி ஒரு பெயராக நிலைத்துவிட்டது. ஃபெவ்ர் என்ற சொல்லுக்கு மூலம் 'ஃபாபெர்' என்ற இலத்தீன் சொல். பள்ளிப் பிள்ளைகளின் பென்சிலில் அச்சிடப்பட்டிருக்கும் ஃபேபர் காஸ்டெல் என்ற நிறுவனப் பெயரின் முற்பாதியும் இதே இலத்தீன் சொல்தான். ஜெர்மனியில் படித்த குடும்பங்கள் பல, கொல்லன் எனப் பொருள்படும் ஷ்மிட் என்ற தங்கள் பெயரை இலத்தீனாக்கி ஃபாபெர் என்று வைத்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு.

ஃபாபெர் என்பது இரும்புக் கொல்லனை மட்டுமா குறித்தது?

இல்லை. கடினமான பொருளில் கைவேலை செய்பவர் எவரும் இலத்தீனில் ஃபாபெர் எனப்பட்டார். என்ன பொருளில் வேலை என்பதைக் காட்ட அதனுடன் ஓர் அடைமொழி சேரும்: இரும்பானால் ஃபாபெர் ஃபெர்ராரியுஸ், மரமானால் ஃபாபெர் லிக்னாரியுஸ். மத்தேயு நற்செய்தியில் இயேசுவை ஊரார் தச்சனின் மகன் என்று சொல்லும் இடத்தில், இலத்தீன் விவிலியம் ஃபாபெரின் மகன் என்றே சொல்கிறது. தமிழில் கொல்லன் என்ற சொல்லுக்குப் பொன்னும் இரும்பும் அடைமொழிகளாகச் சேர்ந்து பொற்கொல்லன், கருங்கொல்லன் என்று பிரிவதைப் போன்றது இது.

பிரெஞ்சுக்கு வந்தபோது அந்தப் பரந்த பொருள் சுருங்கி, ஃபெவ்ர் என்றால் பெரும்பாலும் இரும்பு வேலை செய்பவர் என்றாயிற்று. ஆனால் பழைய பரப்பு முழுவதுமாக அழிந்துவிடவில்லை. இன்றைய பிரெஞ்சில் பொற்கொல்லருக்குரிய சொல் 'ஒர்ஃபெவ்ர்'. 'ஒர்' என்றால் பொன். பாரிசில் செய்ன் ஆற்றங்கரையில் காவல்துறைக் குற்றப் புலனாய்வுத் தலைமையகம் நெடுங்காலம் இயங்கிவந்த தெருவுக்குக் கே தேஸ் ஒர்ஃபெவ்ர், அதாவது பொற்கொல்லர் கரை என்று பெயர். ஃபெவ்ர் என்ற தனிச்சொல்லைப் பிரெஞ்சு மொழி இழந்துவிட்டது. அது உயிரோடு இருப்பது இப்படிப்பட்ட கூட்டுச் சொல்லிலும் பல்லாயிரம் குடும்பங்களின் பெயரிலும்தான்.

அப்படியானால் இன்று பிரெஞ்சில் கொல்லனை எப்படிச் சொல்கிறார்கள்?

'ஃபொர்ஷ்ரோன்' என்கிறார்கள். பட்டறை என்று பொருள்படும் 'ஃபொர்ழ்' என்ற சொல்லோடு உறவுடையது அது. அந்த ஃபொர்ழ் என்ற சொல்லும் ஃபாபெரின் வழிவந்ததே. கொல்லனின் பட்டறையை இலத்தீனில் ஃபாப்ரிகா என்றார்கள், அது தேய்ந்து ஃபொர்ழ் ஆயிற்று. ஆகவே பழைய சொல்லைத் தள்ளிவிட்டு வந்த புதிய சொல்லும் அதன் தம்பிதான். ஆயினும் ஃபொர்ஷ்ரோன் என்ற குடும்பப் பெயரைப் பிரான்சில் காண்பது அரிது. புதிய சொல் வழக்கில் வேரூன்றுவதற்கு முன்பே பெரும்பாலான குடும்பங்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. பட்டறையை வைத்து அமைந்த பெயர்கள் மட்டும் ஏராளம்: லஃபொர்ழ், லஃபார்ழ், தென்மேற்கில் லஃபார்க். கார்ல் மார்க்சின் மருமகன் போல் லஃபார்க்கின் பெயரில் இருப்பதும் கொல்லனின் பட்டறையே.

தொழிலைக் குறித்த சொல் எப்போது குடும்பப் பெயராக மாறியது?

ஒரே நாளில் மாறவில்லை. பதினோராம் நூற்றாண்டு வரை பிரான்சில் ஒருவருக்கு ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. மக்கள்தொகை பெருகி, ஊருக்குள் ழான்களும் பியேர்களும் நிறைந்தபோது, எந்த ழான் என்று கேட்கவேண்டிய நிலை வந்தது. தந்தை பெயர், பிறந்த ஊர், உடல் அடையாளம், தொழில் ஆகிய நான்கில் ஒன்று துணைப்பெயராகச் சேர்ந்தது. முதலில் அது அந்த ஆளுக்கு மட்டும் உரியது. கொல்லனின் மகன் ஆடு மேய்க்கப் போனாலும் கொல்லன் என்றே எழுதப்பட்ட நாளில்தான் அது குடும்பப் பெயராயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை, வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு வேகத்தில் இது நடந்தது.

1268-ஐ ஒட்டிப் பாரிஸ் நகரத் தலைவராக இருந்த எத்தியேன் புவாலோ நகரத்துத் தொழில்களின் விதிகளையெல்லாம் எழுதி வைக்கச் செய்தார். அவற்றில் ஃபெவ்ர் என்பது இன்னும் உயிருள்ள தொழிற்பெயர். குதிரைக்கு இலாடம் அடிப்பவரும் தலைக்கவசம் செய்பவரும்கூட அந்தத் தொழிலுக்குள் அடங்கினர். ஆகவே அக்காலத்து வரிப்பட்டியல் ஒன்றில் 'ழான், கொல்லன்' என்று கண்டால், அது அவர் தொழிலா அல்லது ஏற்கெனவே இறுகிவிட்ட குடும்பப் பெயரா என்று அந்த ஒரு வரியை வைத்துச் சொல்லிவிட முடியாது.

அரசு தலையிட்டது பின்னால். 1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லே-கொத்ரே என்ற ஊரில் பிறப்பித்த ஆணை, பங்குத் தந்தையர் ஞானத் திருமுழுக்குகளைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றது. 1579-இல் புளுவா ஆணை திருமணங்களையும் இறப்புகளையும் சேர்த்தது. புரட்சிக் காலத்தில், 1794 ஆகஸ்ட் 23 அன்று இயற்றப்பட்ட சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் பூணக்கூடாது என்று தடுத்தது. அந்தச் சட்டத்தோடு பெயர் உறைந்துபோயிற்று. அதன் எழுத்துப்பிழைகளும் கூடவே உறைந்தன.

கொல்லன் பெயர் இவ்வளவு பரவலாக இருப்பது ஏன்?

ஊருக்கு ஒரு கொல்லன் வேண்டும் என்பது முதற்காரணம். கலப்பையின் கொழு தேய்ந்தால் காய்ச்சி அடித்துக் கூர்தீட்ட, குதிரைக்கு இலாடம் கட்ட, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட, கதவுக்குக் கீலும் தாழும் செய்ய, அறுவடைக்கு அரிவாள் அடிக்க எல்லாவற்றுக்கும் அவரிடமே போகவேண்டும். உழவர்கள் ஊரில் நூறு பேர் இருந்தார்கள். 'உழவன்' என்ற சொல் நூறு பேரில் ஒருவரை அடையாளம் காட்டாது. கொல்லனோ ஊரில் ஒருவர், அல்லது இருவர். துருத்தி ஊதும் ஓசையும் சம்மட்டி விழும் ஓசையும் ஊர் முழுவதும் கேட்கும். அடையாளம் சொல்ல அவரைவிட எளிதான ஆள் கிடையாது. மிகவும் தேவையான, ஆனால் ஊருக்கு ஒன்றிரண்டே இருந்த தொழில்கள் பெயர்களாக மிகுதியாக நிலைத்ததற்கு இதுவே காரணம். ஆலைக்காரர், அடுமனைக்காரர் பெயர்களும் பிரான்சில் அப்படியே பெருகின.

இந்த நிலை பிரான்சுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் ஸ்மித், ஜெர்மனில் ஷ்மிட், இத்தாலியில் ஃபெர்ராரி, ஹங்கேரியில் கொவாச், ரஷ்யாவில் குஸ்னெத்சோவ், அரபு நாடுகளில் ஹத்தாது என்று எல்லா இடத்திலும் கொல்லன் பெயர் முன்வரிசையில் நிற்கிறது.

உச்சரிக்காத 'பி' எழுத்து இந்தப் பெயருக்குள் எப்படி வந்தது?

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இந்தப் பெயரில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுவே; சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பதினாறாம் நூற்றாண்டுவரை பிரெஞ்சு எழுத்தில் 'யூ', 'வி' என்ற இரண்டும் தனித்தனி எழுத்துகள் அல்ல. ஒரே எழுத்தின் இரு வடிவங்கள் அவை. சொல்லின் தொடக்கத்தில் 'வி' வடிவத்தையும் நடுவில் 'யூ' வடிவத்தையும் எழுதினார்கள். உயிரொலியா மெய்யொலியா என்பதைப் படிப்பவர்தான் தெரிந்துகொள்ளவேண்டும். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமலும், நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒரே வடிவமாகவும் எழுதப்பட்டதால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் விளங்கும்.

பதிவேட்டின் முன் அமர்ந்திருக்கும் எழுத்தர் ஒருவர், எதிரே நிற்பவரின் பெயரைக் காதில் கேட்டபடி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஃப், இ, யூ, ஆர், இ என்று ஐந்து எழுத்துகளில் 'ஃபெவ்ர்' முடிந்துவிடும். ஆனால் நாளை அதைப் படிக்கும் வேறொருவர், நடுவிலுள்ள 'இ', 'யூ' இரண்டையும் சேர்த்து ஓர் உயிரொலியாக எடுத்து 'ஃபோர்' என்பதுபோல் படித்துவிடலாம். அதைத் தடுக்க அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு 'பி'யை நட்டார்கள். 'பி' குறுக்கே நின்றால் 'இ'யும் 'யூ'வும் சேரமுடியாது. 'யூ' இங்கே மெய்யெழுத்து என்பது தெரிந்துவிடும். அதனுடன், ஃபாபெர் என்ற இலத்தீன் மூலத்தில் இருந்த பகரத்தையும் அது நினைவூட்டியது. அக்காலத்து எழுத்தர்களுக்கு இலத்தீன் தெரியும். சொல்லின் பூர்வீகத்தை எழுத்தில் காட்டுவதைப் பெருமையாகவே கருதினார்கள். ஒரே எழுத்து ஒரே நேரத்தில் வேலியாகவும் குலமுறைச் சான்றாகவும் நின்றது. கடமை, பிப்ரவரி ஆகியவற்றுக்கான சொற்களிலும் அன்று இப்படியே ஒலிக்காத 'பி' எழுதப்பட்டது.

பின்னர் 'வி' தனி எழுத்தாயிற்று. வேலிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. பொதுச் சொற்களிலிருந்து அந்தப் 'பி' உதிர்ந்துவிட்டது. பிரெஞ்சு அகாதமியின் அகராதி, குறிப்பாக 1740-இல் வந்த மூன்றாம் பதிப்பு, இப்படி ஒலிக்காத எழுத்துகள் பலவற்றைக் களைந்தது. ஆனால் அகராதியின் அதிகாரம் குடும்பப் பெயருக்குச் செல்லாது. பதிவேட்டில் 'பி'யோடு எழுதப்பட்ட குடும்பம் 'பி'யோடு நின்றது. 'பி' இல்லாமல் எழுதப்பட்ட குடும்பம், 'இ'யின் மேல் ஒரு கோடு சாய்த்துப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றது.

இதன் பின்விளைவு இன்னும் சுவையானது. 'பி'யோடும் 'யூ'வோடும் எழுதப்பட்ட பழைய வடிவத்தைச் சில ஊர்களில் எழுத்துக்கு எழுத்து ஒலித்துப் படித்தார்கள். அதிலிருந்து லெஃபேப்யூர் என்ற புதிய பெயரே பிறந்துவிட்டது. இதில் 'பி' ஒலிக்கும். படிப்பவர் தவறிவிடக்கூடாது என்று நட்ட வேலியே வேறொரு தவறுக்கு விதையானது. மேற்குப் பிரான்சில் காணப்படும் லெஃபோவ்ர் என்ற வடிவத்துக்கும் இந்த 'யூ' குழப்பத்தையே பொதுவாகக் காரணம் சொல்கிறார்கள்.

சரியான உச்சரிப்பு எது? தமிழில் எப்படி எழுதுவது?

'பி' இருந்தாலும் இல்லாவிட்டாலும் உச்சரிப்பு ஒன்றே: லெஃபெவ்ர். முதலசை மிகக் குறுகியது, இரண்டாமசையில் அழுத்தம் விழும், இறுதியிலுள்ள 'இ' ஒலிக்காது. ஆகவே லெஃபெவ்ரே என்று ஏகாரத்தில் முடிப்பதும், பகர ஒலியைச் சேர்ப்பதும் தவறு. பெயரைக் காதால் கேட்டபடி எழுதுவதே தமிழின் இயல்பு. அதையே இங்கும் பின்பற்றவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதனால் ஓர் இழப்பு உண்டு: பிரெஞ்சில் வேறுபடும் இரண்டு எழுத்து வடிவங்கள் தமிழில் ஒன்றாகிவிடும். ஒரு கட்டுரையில் இருவகை லெஃபெவ்ர்களும் வந்தால் முதற்பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

இந்தப் பெயரின் வேறு வடிவங்கள் எவை?

ஃபாபெர் என்ற ஒரு சொல் பிரான்சின் நிலப்பரப்பில் எப்படியெல்லாம் தேய்ந்தது என்பதை இந்தப் பெயர்களைக் கொண்டே வரைபடமாக வரைந்துவிடலாம். வடக்கில், பழைய பிரெஞ்சு பேசிய பகுதிகளில், பகரம் வகரமாகி அகரம் எகரமாகி லெஃபெவ்ர் ஆயிற்று. கிழக்கில், ஃபிரான்ஷ்-கோன்தே பகுதியில், சுட்டுச் சொல் இல்லாமல் முதல் 'இ'க்குப் பதிலாக 'ஏ', 'ஐ' என்ற இரண்டு எழுத்துகளோடு ஃபெவ்ர் என்று எழுதுகிறார்கள். ஆல்ப்ஸ் மலைச்சரிவில், சவோய் வட்டாரத்திலும் அதை ஒட்டிய சுவிட்சர்லாந்திலும் ஃபாவ்ர். தெற்கே ஒக்சித்தான் மொழி பேசிய நிலத்தில் பகரம் அழியவில்லை. லாங்தோக்கில் ஃபாப்ர் என்று இலத்தீனுக்கு மிக அருகிலேயே நிற்கிறது. லிமூசின், தோஃபினே பக்கம் அந்தப் பகரம் உகரமாய்க் கரைந்து ஃபோர் என்றானது. தென்மேற்கு மூலையில் கஸ்கோன் மொழியில் சொல்லின் முதலில் வரும் ஃபகரம் ஹகரமாகிவிடும். அங்கே அதே கொல்லன் ஓர் என்று ஒலிக்கிறார், எழுத்தில் மட்டும் ஹகரம் எஞ்சியிருக்கிறது.

பூச்சியியல் அறிஞர் ழான்-ஆன்ரி ஃபாப்ரும், 1895 முதல் 1899 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஃபெலிக்ஸ் ஃபோரும், லெஃபெவ்ர் என்ற பெயருடைய எவரும் பெயரளவில் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

வடக்கில் மட்டும் 'லெ' ஒட்டியிருப்பது ஏன்?

தொழிற்பெயருக்கும் பட்டப்பெயருக்கும் முன் சுட்டுச் சொல்லைச் சேர்ப்பது நார்மண்டி, பிக்கார்டி உள்ளிட்ட வடபகுதியின் வழக்கம். லெருவா, லெக்ளேர், லெமேர், லெகிரான் எல்லாம் அந்த வழக்கத்தில் வந்தவை. தெற்கில் அது வேரூன்றவில்லை.

பிரெஞ்சு பேசாத பகுதிகளில் கொல்லனின் பெயர் என்ன?

பிரெத்தாஞ்சில் லெ கோஃப். பிரெத்தோன் மொழியில் கோஃப் என்றால் கொல்லன். அதற்கு முன்னால் ஒட்டிய 'லெ' மட்டும் பதிவேட்டை எழுதியவர் கொடுத்த பிரெஞ்சு. அல்சாசில் ஷ்மிட். பெல்ஜிய எல்லையில் ஃபிளெமிஷ் மொழியில் ஸ்மெத், தெ ஸ்மெத். பிரான்சே கொண்டாடிய பாடகர் ஜானி அலிதே, 2017-இல் மறைந்தவர், பிறப்புப் பதிவில் ழான்-ஃபிலிப் ஸ்மெத். அவருடைய தந்தை பெல்ஜியர். ஆக அவரும் ஒரு கொல்லன்.

பிரான்சில் இந்தப் பெயர் எவ்வளவு பரவலானது?

பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனமான இன்செ, 1891 முதல் 1990 வரையிலான பிறப்புகளைக் கால்நூற்றாண்டுப் பகுதிகளாகப் பிரித்துக் குடும்பப் பெயர்களின் கோப்பு ஒன்றை உருவாக்கியது. பரவலாகச் சுற்றும் தரவரிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே அடிப்படை. அவற்றில் முதலிடம் மார்த்தேன் என்ற பெயருக்கு. 'பி' உள்ள லெஃபெவ்ர் முதல் இருபதுக்குள் வருகிறது. 'பி' இல்லாதது அதற்குச் சற்றுக் கீழே தனியாக நிற்கிறது.

தரவரிசையைப் படிக்கும்போது நினைவில் கொள்ளவேண்டியது இந்தப் பிளவைத்தான். மார்த்தேனுக்கு ஒரே எழுத்துக்கூட்டு. அதன் வாக்குகள் சிதறுவதில்லை. கொல்லனின் வாக்குகளோ லெஃபெவ்ர், லெஃபேப்யூர், ஃபாப்ர், ஃபோர், ஃபாவ்ர், லெ கோஃப், ஷ்மிட் என்று பத்துப் பெட்டிகளில் விழுகின்றன. பிரிட்டனில் ஸ்மித் முதலிடத்தில் இருக்கையில் பிரான்சில் கொல்லன் பின்தங்கியிருப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

நிலப்பரப்பில் பார்த்தால், நோர், பா-தெ-கலே, சொம் ஆகிய வடமாவட்டங்களிலும் மேல் நார்மண்டியிலும் இந்தப் பெயர் மிக அடர்த்தியாக இருக்கிறது. எல்லை தாண்டிப் பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதியிலும் பரவலாக உண்டு.

லெஃபெவ்ர் என்ற பெயருள்ள அனைவரும் உறவினர்களா?

இல்லவே இல்லை. ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாகப் பிறந்த பெயர் இது. பத்துக் கல் தொலைவிலுள்ள இரண்டு ஊர்களில் இரண்டு கொல்லர்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே இரண்டு லெஃபெவ்ர் குடும்பங்களைத் தொடங்கியிருப்பார்கள். எழுத்துக்கூட்டும் உறவைக் காட்டாது. ஒரே ஆளின் திருமுழுக்குப் பதிவில் 'பி' இருக்கும், திருமணப் பதிவில் இருக்காது. எழுதிய பங்குத் தந்தை மாறியதைத் தவிர வேறு காரணம் இருக்காது. அண்ணன் வீட்டார் ஒரு விதமாகவும் தம்பி வீட்டார் வேறு விதமாகவும் எழுதும் நிலை இப்படித்தான் வந்தது.

'லெஃபெவ்ர் குலச் சின்னம்' என்று கேடயப் படம் அச்சிட்டு விற்பவர்களை நம்பவேண்டாம். சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது. பெயர் ஒன்றாக இருப்பதால் அது எல்லோருக்கும் உரிமையாகிவிடாது.

இந்தப் பெயர் தாங்கிய குறிப்பிடத்தக்கவர்கள் யார்?

பிக்கார்டியின் எதாப்ல் ஊரில் பிறந்த ழாக் லெஃபெவ்ர் முதலில் நினைவுக்கு வருகிறார். புதிய ஏற்பாட்டை 1523-இல் பிரெஞ்சில் வெளியிட்டவர். அவருடைய முழு விவிலிய மொழிபெயர்ப்பு 1530-இல் ஆன்ட்வெர்ப்பில் அச்சாயிற்று. இலத்தீனில் எழுதும்போது அவர் தம் பெயரை ஃபாபெர் ஸ்தாபுலென்சிஸ் என்று எழுதினார். பெயருக்குப் பொருள் கொல்லன் என்பது அக்காலத்தவருக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

அவர் காலத்தையே ஒட்டி வாழ்ந்தவர் சவோயில் 1506-இல் பிறந்த பியேர் ஃபாவ்ர். பாரிசில் மாணவராக இருந்தபோது பிரான்சிஸ் சவேரியாரோடும் இலொயோலா இஞ்ஞாசியாரோடும் ஒரே அறையில் தங்கியிருந்தவர். இயேசு சபையைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இலத்தீனில் பேத்ருஸ் ஃபாபெர், ஸ்பானிய மொழியில் பேத்ரோ ஃபாப்ரோ என்று நாட்டுக்கு நாடு அவர் பெயர் மாறுகிறது. அவருடைய அறைத் தோழர் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்ததைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள். பியேர் ஃபாவ்ருக்குப் புனிதர் பட்டம் 2013-இல்தான் கிடைத்தது.

நெப்போலியனின் தளபதி பிரான்சுவா ழோசெஃப் லெஃபெவ்ர் 1755-இல் அல்சாசில் பிறந்தவர். 1804-இல் அவர் மரெஷால் ஆக்கப்பட்டார். மரெஷால் என்ற பதவிப் பெயரின் பூர்வீகம் குதிரைப் பணியாள். குதிரைக்கு இலாடம் அடிப்பவரை இன்றும் பிரெஞ்சில் மரெஷால்-ஃபெரான் என்றே சொல்கிறார்கள். எனவே மரெஷால் லெஃபெவ்ர் என்று அழைத்தபோது, அந்த மனிதரை அழைத்த இரு சொற்களுமே கொல்லுப் பட்டறையை நினைவூட்டின.

இருபதாம் நூற்றாண்டில், பிரெஞ்சுப் புரட்சியின் உழவர்களைப் பற்றி ஆராய்ந்த ழோர்ழ் லெஃபெவ்ர், மார்க் புளோக்கோடு சேர்ந்து 1929-இல் அனால் வரலாற்றிதழைத் தொடங்கிய லூசியேன் ஃபெவ்ர் ஆகிய இருவரையும் தமிழில் ஒருவராகவே குழப்பிவிடுகிறார்கள். இருவரும் 1920-களின் இறுதியில் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள் என்பதால் குழப்பம் கூடுகிறது. முன்னவருக்கு 'லெ' உண்டு, பின்னவருக்கு இல்லை. நகரவெளி பற்றி எழுதிய தத்துவ அறிஞர் ஆன்ரி லெஃபெவ்ர் மூன்றாமவர். இவருக்கும் மற்ற இருவருக்கும் உறவில்லை.

கடல் கடந்து சென்ற லெஃபெவ்ர்களின் பெயர் என்னவாயிற்று?

கனடாவின் கெபெக் மாநிலத்தில் பெயர் அப்படியே நிலைத்துப் பெருகியது. அங்கே 'தி' என்ற சொல்லால், அதாவது 'எனப்படும்' என்று, இன்னொரு பெயரை ஒட்டும் பழக்கம் இருந்தது. அப்படி அமைந்தவற்றுள் ஒன்று லெஃபெவ்ர் தி பூலாஞ்சே. பூலாஞ்சே என்றால் அடுமனைக்காரர். பின்வந்த தலைமுறைகளில் சிலர் முன்னதையும் சிலர் பின்னதையும் வைத்துக்கொண்டதால், ஒரே வழியில் வந்தவர்கள் கொல்லராகவும் அடுமனைக்காரராகவும் பிரிந்தார்கள்.

சமயத் துன்பத்துக்கு அஞ்சி வெளியேறிய ஊகெனோ எனப்படும் பிரெஞ்சுப் புரோட்டஸ்டன்ட்டுகளில், 1677-இல் நியூயார்க் பகுதியில் நிலம் வாங்கி நியூ பால்ட்ஸ் என்ற ஊரை அமைத்த பன்னிரண்டு பேரில் லெஃபெவ்ர் குடும்பத்தாரும் இருந்தனர். ஆங்கில நாவில் அந்தப் பெயர் லெஃபீவர், லஃபேவ் என்றெல்லாம் மாறியது. மொழிபெயர்ப்பிலும் ஒரு விபத்து நேர்ந்தது. பிரெஞ்சில் 'ஃபெவ்' என்றால் அவரை விதை. லெஃபெவ்ர் என்பதை அதுவென்று எண்ணி, ஆங்கிலத்தில் அவரை விதைக்குரிய பீன் என்ற சொல்லைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டவர்கள் அமெரிக்காவில் உண்டு.

புதுச்சேரித் தமிழர்களுக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் வந்ததும் இப்படித்தானா?

இல்லை, அந்த வரலாறு முற்றிலும் வேறு. 1881 செப்டம்பர் 21 அன்று வெளியான ஆணை, தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க இந்தியர்களுக்கு வழி திறந்தது. துறந்தவர்கள் ரெனோன்சான் எனப்பட்டனர். அவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தாங்களே தேர்ந்து பதிவு செய்யவேண்டியிருந்தது. சிலர் தமிழ்ப் பெயரையே வைத்துக்கொண்டார்கள், சிலர் பிரெஞ்சுச் சொல்லைத் தேர்ந்தார்கள். அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, கதவு என்று பொருள்படும் லபோர்த் என்ற பெயரை ஏற்றார். பிரான்சில் ஊரார் வைத்த பெயர் நூற்றாண்டுகள் கடந்து சட்டமானது. புதுச்சேரியில் சட்டம் கேட்டதற்காக ஒருவர் ஒரே நாளில் தமக்குப் பெயர் வைத்துக்கொண்டார்.

முன்னோரைத் தேடுபவர்கள் எதில் கவனமாக இருக்கவேண்டும்?

ஒரே எழுத்துக்கூட்டில் தேடி நிறுத்திவிடாதீர்கள். 'பி' உள்ளது, இல்லாதது, 'லெ' பிரிந்தது, சேர்ந்தது, 'யூ' உள்ளது ஆகிய எல்லா வடிவங்களிலும் தேடவேண்டும். பிரெஞ்சு மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பல, தங்கள் பங்குப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கத் தருகின்றன. 1792 செப்டம்பர் வரை பதிவேடு ஆலயத்தில், அதன் பின் ஊராட்சி மன்றத்தில். புரட்சிக் கால ஆண்டுகளில் தேதிகள் குடியரசு நாட்காட்டிப்படி இருக்கும், மாற்றிக் கணக்கிடவேண்டும். பாரிசில் பிறந்தவர்களைத் தேடுபவர்களுக்குத்தான் பெரிய இடர்: 1871 மே மாதம் நகர மன்றமும் நீதிமன்றமும் தீக்கிரையானபோது அந்நகரின் பழைய பதிவேடுகளின் இரு படிகளும் எரிந்துபோயின. அதில் ஒரு பகுதியே பின்னர் மீட்டு எழுதப்பட்டது.

தேவையற்ற 'பி'யை ஒருவர் இன்று நீக்கிக்கொள்ள முடியுமா?

எளிதில் முடியாது. 2022 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சட்டம், வயது வந்த ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை தாயின் பெயரையோ தந்தையின் பெயரையோ இரண்டையுமோ ஏற்க, ஊர் மன்றத்தில் ஒரு படிவம் கொடுத்தால் போதும் என்கிறது. எழுத்தைத் திருத்துவது அதில் அடங்காது. அதற்கு நீதி அமைச்சகத்தில் தக்க காரணம் காட்டி விண்ணப்பிக்கவேண்டும். 2005 முதல் பிள்ளைக்குத் தாயின் பெயரையும் இடலாம் என்பதால், லெஃபெவ்ர் என்ற பெயர் இப்போது மகள்கள் வழியாகவும் இறங்குகிறது.

ஃபெரி, ஃபெரான் போன்ற பெயர்களும் கொல்லனைக் குறிப்பவையா?

ஒலியை வைத்து அப்படி முடிவு செய்யக்கூடாது. இலவசக் கல்வியையும் கட்டாயக் கல்வியையும் 1881, 1882-ஆம் ஆண்டுகளில் சட்டமாக்கிய ழ்யூல் ஃபெரியின் பெயர், ஃபிரெதெரிக் என்ற முதற்பெயரின் குறுக்கம். ஃபெரான் என்பது தலைமயிர் இரும்பைப்போல் நரைத்தவருக்கு இட்ட பெயர். ஃபெரியே என்பது மட்டும் இரும்பு வேலைக்காரரின் பெயர். ஆனால் அது ஃபாபெரிலிருந்து வந்ததன்று, இரும்பைக் குறிக்கும் ஃபெர்ரும் என்ற சொல்லின் வழி வந்தது.